கழுகு வந்த கதை

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. வேலூரிலிருந்து கணியம்பாடி போகிற பக்கம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் எங்களை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த ஊருக்கு, ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவன் பயிற்சியில் விபத்தாகி, முதுகெலும்பு நசுங்கி, மார்பிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் கவசம் மாட்டிக்கொண்டு, விறைத்த குச்சியாகக் காரிலிருந்து இறங்கினால் சும்மா விடுவார்களா? அன்று சாயங்காலமே திண்ணை நிறைந்துவிட்டது. வந்த பெரியவர்கள் பாதிப் பேர் முன்னாள் ஹவில்தார்கள், சுபேதார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "தப்பு யாரு மேல?"

அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது, எலும்பு அதற்கு முன்பே கூடிவிட்டது. பயிற்சித் தளத்தின் பெயரும் உடன் பறந்தவரின் பெயரும் இங்கே வேண்டாம். நான் பணியிலிருந்து வந்துவிட்டேன், அவர் நன்றாக இருக்கிறார். அது போதும்.

அன்று செய்துகொண்டிருந்தது ஆட்டோரொட்டேஷன். என்ஜின் நின்றுபோனால் எப்படி இறங்குவது என்கிற பயிற்சி. என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று நினைக்கிறவர்கள் பனையோலைக் காத்தாடியை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் ஓடினால் அது சுற்றும். இங்கே ஓடுவதற்குப் பதில் இறங்குகிறோம், கீழிருந்து வரும் காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு, இடது கையில் இருக்கும் கலெக்டிவ் கம்பியை, அதாவது விசிறி இறக்கைகளின் சாய்வை மாற்றுகிற கம்பியை, உடனே கீழே இறக்க வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, மறுபடி சமப்படுத்தி, கடைசியில் அதே கம்பியை மேலே இழுத்தால், சுற்றில் மிச்சமிருக்கும் சக்தியில் மெத்தென்று உட்காரலாம். அந்த மிச்சம் ஒரே ஒரு இழுப்புக்குத்தான் வரும். பயிற்சியின்போது தரைக்குச் சற்று மேலேயே ஆசிரியர் என்ஜின் சக்தியைத் திரும்பக் கொடுத்துவிடுவார்.

அன்றைக்கு நாலாவது முறை. மூக்கு தேவைக்கு மேல் தூக்கிவிட்டது, வால் தரையைத் தொட்டது. நாங்கள் பறந்த சேத்தக் ஹெலிகாப்டரின் பெரிய விசிறி மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். அதனால் சக்தி கூடும்போதெல்லாம் உடல் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், வாலில் இருக்கும் சின்ன விசிறிதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தரையில் பட்டதும் அது போயிற்று. மூக்கு இடப்பக்கம் வெட்டியது. தொம்மென்று ஒருமுறை உட்கார்ந்து, அப்படியே வலப்பக்கம் சாய்ந்தோம். விசிறி மண்ணை வெட்டிய சத்தத்தை நான் கேட்டதாக நினைவில்லை. உடம்பு முழுக்க உதறியது மட்டும் நினைவிருக்கிறது.

அப்புறம் அமைதி. நான் வலது இருக்கை, ஆகவே அடியில். ஹெல்மெட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல், மண், ஒரு கட்டெறும்பு. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எரிபொருள் நாற்றம் வந்தது. விமான எரிபொருளுக்கு மண்ணெண்ணெய் வாடைதான், எனக்கு ரேஷன் கடை வரிசை ஞாபகம் வந்தது. பயம் வரவில்லை என்று பீற்றிக்கொள்ளவில்லை. பயம் வருவதற்குள் கை, சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்யப் போய்விட்டது. எரிபொருளை மூடு. பேட்டரியை அணை. விசிறி முழுக்க நிற்கும்வரை பெல்ட்டைத் தொடாதே. வெளியே ஓடியவர்களை, நிற்கப்போகிற விசிறி அடித்த கதைகளை வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

ஆசிரியர் எனக்கு மேலே பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். முதலில் கேட்டது, "கால் அசையுதா?" பூட்சுக்குள் விரலை மடக்கிப் பார்த்தேன். அசைந்தது. "சரி, பிடிச்சுக்கோ, உன் மேலதான் விழப்போறேன்" என்றார் இந்தியில். விழுந்தார். முதுகு வலி அப்போதுதான் தெரிந்தது.

மருத்துவமனையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பான எல்-1 முன்பக்கம் நசுங்கியிருந்தது, நரம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் கவசம். நோயாளி விடுப்பு. ஊர்.

மே மாத வேலூரில் பிளாஸ்டிக் கவசத்துக்குள் இருப்பது பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஆயா, அதாவது என் பாட்டி, காலையும் மாலையும் உள்ளே பவுடர் கொட்டுவாள். "கீழ வியறதுக்கா அம்மாந்தூரம் போன? இங்க கெணத்துல வியுந்திருக்கலாமே" என்பாள். அழுவதற்குப் பதில் அவள் செய்வது அது.

வேலூருக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் பாகாயம் வரும். அங்கேதான் மேரி வர்கீஸின் மறுவாழ்வு நிலையம். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் அவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை செய்தார், 1966-ல் அந்த நிலையம் வந்தது. சின்ன வயதில் அந்த வழியாக நூறு முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது நிறுத்தம் வந்தாலே பூட்சுக்குள் மடக்கிப் பார்த்த விரல்தான் நினைவுக்கு வரும். செருப்புக்குள் இன்னொருமுறை மடக்கிப் பார்த்துக்கொள்வேன்.

இதற்குள் திண்ணையில் கதை வளர்ந்துவிட்டது. பெரியப்பா ராணுவப் பொறியாளர் பிரிவான சாப்பர்ஸில் இருந்தவர். ராணுவ விமானப் பிரிவு தனிப் பிரிவாக ஆனதே 1986 நவம்பரில்தான், அவர் காலத்து ஆட்களுக்கு அது புதுசு. என் மேல் தப்பு வந்துவிடக்கூடாது என்று ஒரு கழுகைக் கொண்டுவந்து விசிறியில் மோதவிட்டார். மறுநாள் பால்காரர் என்னிடமே அந்தக் கழுகை விசாரித்தார். சிரிப்புதான் வந்தது. ஆனால் அன்று ராத்திரி யோசித்தால், என் கதையும் சுத்தமாக இல்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் கலெக்டிவை இன்னும் கொஞ்சம் சரியான நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை மன்றத்துக்குப் போனபோது இந்த மெருகேறிய கதைதான் கையில் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் ஒரு சீனியர். ராணுவ விதி 180-ன்படி, நம் பெயர் கெடக்கூடிய விசாரணை என்றால் முழுக்க உடன் இருந்து சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். விதி 182-ன்படி, வேண்டுமென்றே பொய் சொன்ன வழக்கைத் தவிர, அங்கே சொன்னதை நமக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. விதிகள் தைரியம் கொடுத்தன. கதைக்கு அவை உதவவில்லை.

மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். காற்று எந்தத் திசை, எந்த உயரத்தில் மூக்கைத் தூக்கினாய், வேகம் என்ன. எல்லாம் சொன்னேன். "கடைசியில் கலெக்டிவை மேலே இழுத்தது யார்?"

"நான்."

தலைமை அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். "நீ இழுத்தாயா, இல்லை கம்பி மேலே வந்ததை உன் கை உணர்ந்ததா?"

ஆசிரியர் முதல் நாளே, தானே இழுத்ததாகச் சொல்லியிருந்தார். இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று இணைந்தவை. இருவர் கையும் அவரவர் கம்பியில் இருந்தது, அது மேலே போனது. நாங்கள் இருவருமே பொய் சொல்லவில்லை. எங்கள் வண்டியில் குரல் பதிவுப் பெட்டியும் இல்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கடைசியில், "தெரியவில்லை சார்" என்றேன். அவர் அதையும் மற்ற பதில்களைப் போலவே எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையெழுத்துப் போடும்போது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பிறகு பெங்களூரு, வான்வெளி மருத்துவ நிறுவனம். காட்பாடியில் பிருந்தாவன் ஏறி, ஜோலார்பேட்டைவரை நின்றுகொண்டே போனேன், உட்கார்ந்தால்தான் வலித்தது. ஸ்கேன், குனி, நிமிர், மறுபடி ஸ்கேன். முதல் முறை முடியாது என்றார்கள். இரண்டாவது முறை, ஆசிரியர் உடன் இருந்தால் பறக்கலாம் என்றார்கள்.

திரும்பப் போனபோது வேறொரு ஆசிரியர். கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. "யூ ஹாவ் கண்ட்ரோல்", "ஐ ஹாவ் கண்ட்ரோல்". அவசரத்தில் அதை விழுங்கிவிடுகிறோம். முதல் ஆட்டோரொட்டேஷனுக்கு முன் அவர் அதைச் சொல்லிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் எனக்குக் காட்டி, கம்பியைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நான் என் பங்கைச் சத்தமாகவே சொன்னேன். மெத்தென்று உட்காரவில்லை, கொஞ்சம் குதித்தது. ஆனால் இழுத்தது யார் என்பதில் அன்று சந்தேகம் இல்லை.

ஊரில் இப்போதும் கேட்பார்கள். தெரியவில்லை என்று சொன்னால் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போய்விடுகிறார்கள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டேன், கழுகு இரண்டாகியிருந்தது.