பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஸ்கவுட்டின் மாநில விருதான ராஜ்ய புரஸ்காருக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு

ஸ்கவுட்டில் சேர வரும் பிள்ளைகளை விட அவர்கள் அம்மாமார்தான் முதலில் கிரேஸ் மார்க்கை, அதாவது பரீட்சையில் கூடுதலாகக் கொடுக்கும் மார்க்கைப் பற்றிக் கேட்பார்கள். ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது வாங்கியவர்களுக்குக் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு அது உண்டு. எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டு உத்தரவில் பார்த்துக்கொள்ளுங்கள். மார்க்குக்காகச் சேர்வதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் வந்து "சார், எனக்கும் ஒண்ணு" என்றால் நடக்காது. பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், திருதீய சோபான் எல்லாம் தாண்டித்தான் ராஜ்ய புரஸ்கார். ஒவ்வொரு படிக்கும் நடுவில் இத்தனை மாதம் கழிய வேண்டும் என்று விதி இருக்கிறது. யார் சிபாரிசு செய்தாலும் அது குறையாது.

செய்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக் புக்கை அன்றன்றைக்கே எழுதுங்கள். ஒரு வருஷக் குறிப்பும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் பரிசோதகருக்குப் பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிடும்.

முடிச்சுகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். விருதுக்கான சோதனை முகாமான டெஸ்டிங் கேம்பில் "ரீஃப் நாட் போடு" என்று நேராகக் கேட்பது குறைவு. "கிணற்றில் விழுந்தவனைத் தூக்கணும், என்ன முடிச்சு?" என்பார்கள். பௌலைன்தான், ஏனென்றால் இழுத்தாலும் வளையம் இறுகாது. தடித்த கயிறும் மெல்லிய கயிறும் சேர வேண்டுமா, ஷீட் பெண்ட். கை முறிந்தவனுக்குத் தூக்குக் கட்டு போட்டால் ரீஃப் நாட், அது தட்டையாகப் படியும், கழுத்தில் உறுத்தாது. காரணத்தோடு படித்தவன் பதறமாட்டான்.

இரண்டு கழிகளைக் குறுக்காக வைத்துக் கட்டும் ஸ்கொயர் லாஷிங்கில் குளோவ் ஹிட்ச் முடிச்சில் தொடங்கி அதிலேயே முடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோட்டை விடுவது நடுவில் வரும் ஃப்ராப்பிங்கில், அதாவது கட்டை இறுக்கும் சுற்றுகளில். இரண்டு கழிக்கும் இடையே அந்தச் சுற்றுகளை உடம்பைச் சாய்த்து இழுக்க வேண்டும். பரிசோதகர் கழியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார், அவ்வளவுதான் சோதனை. வீட்டில் கிடைக்கும் தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பாக இருப்பதால் நழுவாமல் காப்பாற்றிவிடும். கேம்பில் நைலான் கொடுத்தால் திணறுவீர்கள், இரண்டிலும் பழகுங்கள்.

கூடாரம் அடிப்பதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழியில் கிழக்கிலிருந்து அறையும், ஆடியில் மேற்கிலிருந்து. அதனால் கூடார வாசலை எந்தப் பக்கம் வைப்பது, புகை முகத்தில் அடிக்காமல் அடுப்பை எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் வாய் திறந்து சொல்லுங்கள்!

முதலுதவியில் பாம்புக்கடி கேட்கப்பட்டால், கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடித்த உறுப்பை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வயல்காட்டுப் பிள்ளைகள் தாத்தா சொன்ன வைத்தியத்தை அங்கே சொல்லிவிடாதீர்கள்.

வாயால் பதில் சொல்லும் வைவா பெரும்பாலும் மலையாளத்தில்தான் வரும். தமிழ் மீடியம் பிள்ளைகள் அதற்குப் பயப்பட வேண்டாம்; கையால் செய்து காட்டினால் பாதிப் பதில் முடிந்தது. உண்மையில் தடுமாற வைப்பது பிரார்த்தனைப் பாட்டும் கொடிப் பாட்டும், இரண்டும் இந்தி. காலைக் கூட்டத்தில் வாயசைத்துத் தப்பலாம். தனியாக நிறுத்திப் பாடச் சொன்னால் என்ன செய்வீர்கள்?