41ஆம் பக்கத்து வாக்கியம்: சீனாவில் புத்தகம் அச்சிடப் போன அனுபவம்

2023 ஜூன் கடைசியில் தென் சீனாவில் உள்ள ஓர் அச்சகத்துக்கு ஃபைல்களை அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தாள் விலை ஏறியிருக்கும், அதைச் சொல்லத்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துத் திறந்தேன். விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 14, 15ஆம் பக்கங்களில் உள்ள வரைபடத்தைத் திருத்த வேண்டும், 41ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை எடுக்க வேண்டும், இரண்டும் முடிந்தால்தான் அனுமதிக்கு அனுப்ப முடியும் என்று இருந்தது.

நான் சிங்கப்பூரில் ஒரு சிறிய பதிப்பகத்தில் தயாரிப்பு வேலையைக் கவனிக்கிறேன். ஆங்கிலத்தில் சிறுவர் நூல்களும் சமையல் நூல்களும் போடுகிறோம். இந்தப் புத்தகம் ஆசியாவின் பழைய வணிக வழிகளைப் பற்றியது. 9 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. 64 பக்கம், கெட்டி அட்டை, முழு வண்ணம், 3,000 பிரதிகள். எழுதியவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். படம் வரைந்தவர் ஹனோயில் இருக்கிறார். சிங்கப்பூர், மலேசியக் கடைகளுக்குப் பெரும்பகுதி, சென்னை விநியோகஸ்தருக்கு 500, வியட்நாமியப் பதிப்புக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சீனாவுக்கு ஒரு பிரதிகூடப் போகப் போவதில்லை. பின்னால் வருவதைப் படிக்கும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

பிறகு ஏன் சீனாவில் அச்சிட வேண்டும்? விலைதான். வண்ணப் படங்கள், மடித்து விரிக்கும் தாள், கையால் ஒட்டும் வேலை எல்லாம் உள்ள சிறுவர் நூலை அந்த விலைக்கும் அந்தத் தரத்துக்கும் வேறெங்கும் செய்து வாங்குவது கஷ்டம். எங்கள் தொழிலில் பலரும் அங்கேதான் போகிறோம். நானும் ஆறு வருடமாக அதே அச்சகத்தில்தான் கொடுத்து வந்தேன்.

எங்கள் வேலையைக் கவனித்துவந்த விற்பனைப் பிரிவுப் பெண்ணை அன்று மாலையே தொலைபேசியில் பிடித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். சீனாவின் அச்சுத்தொழில் விதிகளின்படி, வெளிநாட்டுப் புத்தகத்தை அச்சிட ஒப்புக்கொள்ளும் அச்சகம் முதலில் மாகாண அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். அச்சிட்ட பிரதிகள் அத்தனையும் நாட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். அதாவது அந்தப் புத்தகத்தைச் சீனாவில் யாரும் படிக்கக் கூடாது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் அரசு பார்க்கும். வரைபடங்களுக்குத் தனி விதி. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள வரைபட மேலாண்மை விதிகள் ஏற்றுமதிக்கு அச்சாகும் வரைபடத்தையும் பரிசோதனைக்கு உட்படுத்துகின்றன. 2018இல் பதிப்புத் துறைக் கட்டுப்பாடு நேரடியாகக் கம்யூனிஸ்ட் கட்சியின் பிரச்சாரத் துறையின் கீழ் வந்தது.

வரைபடத்தில் அவர்கள் கேட்டவை மூன்று. தைவானுக்குச் சீனப் பெருநிலத்தின் அதே வண்ணம் வேண்டும். தென் சீனக் கடலில், அதன் பெரும்பகுதி தனக்கே என்று காட்டச் சீனா வரைகிற கோட்டுத்துண்டுகளைப் போட வேண்டும். இமயமலையின் கிழக்கு எல்லையைச் சீனா வரைகிறபடி வரைய வேண்டும். கடைசிக் கோரிக்கையின்படி வரைந்தால் அருணாச்சலப் பிரதேசம் சீனாவுக்குள் போய்விடும்.

41ஆம் பக்கத்தில் இருந்தது ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. யுன்னானிலிருந்து திபெத்துக்குத் தேயிலை போன மலைப்பாதைகளைச் சொல்லிவிட்டு, அருணாச்சலப் பிரதேசத்தில் உள்ள தவாங்கைப் பற்றி எழுதும் இடத்தில் ஆசிரியர் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்: 1959 மார்ச் இறுதியில் தலாய் லாமா திபெத்திலிருந்து தப்பி இந்தியாவுக்குள் வந்ததும் இந்தப் பக்கமாகத்தான். அவ்வளவுதான். அதில் கருத்து எதுவும் இல்லை, நடந்த விஷயம் மட்டுமே. அந்த விற்பனைப் பெண் கடைசிவரை தலாய் லாமா என்ற பெயரை வீசாட் செயலியிலோ மின்னஞ்சலிலோ எழுதவே இல்லை. "41ஆம் பக்க விஷயம்" என்றே எழுதினார். தொலைபேசியில் நான் பெயரைச் சொன்னபோது ஒரு நொடி பேச்சு நின்றுவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உரிமம் போனால் அந்த அச்சகத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் சோறு போய்விடும். இந்த ஏற்பாட்டில் அதிகாரி யாரும் நம்மிடம் பேசுவதே இல்லை. வருடக்கணக்காக நமக்கு நல்லபடியாக வேலை செய்து கொடுத்த ஒருவர், பயந்த குரலில், "தயவுசெய்து எடுத்துவிடுங்களேன்" என்று கேட்கிறார். மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த இடத்தில் நின்றால்தான் தெரியும்.

எங்கள் முதலாளி, "ஒரு வாக்கியம் போனால் புத்தகம் போய்விடாது" என்றார். நானும் ஏறக்குறைய அந்த மனநிலையில்தான் இருந்தேன். காரணம், இதை நான் ஏற்கெனவே ஒரு முறை செய்திருந்தேன். 2019இல் ஒரு சமையல் நூல். அதன் முன்னுரையில் எழுத்தாளர் தாம் படித்த இடத்தைச் சொல்லும்போது தைவானை "நாடு" என்று குறிப்பிட்டிருந்தார். அச்சகம் சுட்டிக்காட்டியது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தைச் சரிசெய்தேன். எழுத்தாளரிடம் கேட்கவில்லை. கண்டெய்னருக்கு நாள் குறித்தாயிற்று, ஒரு சொல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கவனிக்கவும் இல்லை.

அந்த வாரம் தூக்கம் வராத இரவுகளில் மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். 2017 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம், சீன அதிகாரிகள் கேட்டார்கள் என்று, தன் ஆய்விதழ் ஒன்றின் 300க்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சீனாவில் படிக்க முடியாதபடி நீக்கியது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் எதிர்த்ததும் சில நாட்களில் திரும்பச் சேர்த்தது. 2018இல் தைவான் இல்லாத சீன வரைபடம் போட்ட ஒரு டி-ஷர்ட்டுக்காக அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் மன்னிப்புக் கேட்டது. அதே வருடம் சீன விமானப் போக்குவரத்துத் துறை 36 வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, தைவானைத் தனி நாடு போலக் காட்டக் கூடாது என்றது. ஏர் இந்தியாவும் தன் தளத்தில் "தைவான்" என்பதை "சீன தைபே" என்று மாற்றியது. 2019இல் ச்சிங்டாவ் நகரச் சுங்கத்துறை, ஏற்றுமதிக்கு அச்சான ஏறத்தாழ 30,000 உலக வரைபடங்களை அழித்தது. தைவானையும் இந்திய எல்லையையும் "தவறாக" காட்டின என்பதே குற்றம். இதைப் படித்ததும்தான் அந்தப் பெண்ணின் பயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது, சரக்கே தூளாகிவிடும்.

அப்புறம் சென்னைக்கும் ஹனோய்க்கும் பேசினேன். சென்னை விநியோகஸ்தர் நேராகச் சொன்னார்: "மேடம், அருணாச்சலை அந்தப் பக்கம் போட்டு அனுப்பினீங்கன்னா கஸ்டம்ஸ்லயே நின்னுடும்." இந்தியாவிலும் வரைபடத்துக்குச் சட்டம் உண்டு. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாததை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை. வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்திய வரைபடத்தின் மேல் "எல்லைகள் சரியானவை அல்ல" என்று முத்திரை குத்தியிருப்பதைப் பழைய நூலகங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். ஹனோய் ஓவியர் அதைவிட உறுதியாக இருந்தார். அந்தக் கோட்டுத்துண்டுகள் உள்ள கடலைத் தன் கையால் வரைய மாட்டேன் என்றார். அந்த ஜூலையில்தான் வியட்நாம் ஒரு ஹாலிவுட் படத்தையே, அதில் வரும் ஒரு வரைபடத்தில் அந்தக் கோடுகள் இருப்பதாகச் சொல்லித் தடை செய்திருந்தது.

ஆக ஒரே தாளில் மூன்று நாடுகளைத் திருப்திப்படுத்த வழியே இல்லை. ஆசிரியரும் ஓவியரும் நானும் உட்கார்ந்து வரைபடத்தை மாற்றினோம். இன்றைய எல்லைகளை முழுதாக எடுத்துவிட்டு, கடற்கரை, துறைமுகங்கள், கணவாய்கள், பருவக்காற்று வீசும் திசை மட்டும். ஆசிரியருக்கு இது பிடித்திருந்தது. 600 வருடத்துக்கு முந்திய வழிகளைச் சொல்லும் படத்தில் இன்றைய எல்லைகள் எதற்கு என்றார். அதே புத்தகத்தில் இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் இருக்கிறது. 1409இல் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் கடற்பயணத்துக்காகச் சீனாவில் செதுக்கி இலங்கைக்குக் கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி, மூன்று சமயத்துக்கும் காணிக்கை. சீனச் சிற்பி ஒருவர் தமிழ் எழுத்தை வெட்டிய கல்லைப் பற்றிய புத்தகத்துக்கு இந்த நிலைமை வந்ததை நினைத்து வருத்தமாக இருந்தது.

எல்லையை எடுத்ததும் விட்டுக்கொடுத்ததுதானே என்று சிலர் கேட்டார்கள். இல்லை என்றே நினைக்கிறேன். இந்தியாவும் வியட்நாமும் கேட்பது அவர்கள் நாட்டில் விற்கும் புத்தகத்துக்கு. அதிலும் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் அது அவர்கள் எல்லையோடு நிற்கிறது. சீனா எடுக்கச் சொல்லும் 41ஆம் பக்கத்து வாக்கியமோ, சிங்கப்பூரில் ஒரு பிள்ளை படிக்கப் போவது.

எல்லை இல்லாத வரைபடத்தை அனுப்பினோம். அதற்கும் பரிசோதனை வேண்டும் என்றார்கள். காத்திருந்தோம். ஆகஸ்ட் 28 அன்று சீனா புதிய தேசிய வரைபடத்தை வெளியிட்டது. அருணாச்சலும் அக்சாய் சின்னும் அதில் சீனாவுக்குள் இருந்தன. கடலில் பத்துத் துண்டுகள். இந்தியா மறுநாளே எதிர்ப்புத் தெரிவித்தது, மலேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று வரிசையாகக் கண்டனம் வந்தது. எங்கள் அச்சகத்திலிருந்து வந்த செய்தி: இப்போது அதிகாரிகள் எதைக் கேட்பார்கள் என்று தெரியவில்லை, பொறுத்திருங்கள். நவம்பர் பள்ளி விடுமுறைக்குப் புத்தகம் கடையில் இருக்க வேண்டும். கப்பலுக்கு வேண்டிய நாட்களைக் கழித்தால் கையில் நேரமே இல்லை.

அந்த வாரம் ஆசிரியரைக் காப்பிக்கடையில் சந்தித்து, வாக்கியத்தைப் பற்றி முதல் முறையாக முழுதாகச் சொன்னேன். அதுவரை "ஒரு சின்னத் திருத்தம்" என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. காப்பியைக் கலக்கிக்கொண்டே, "எந்தப் பிள்ளையின் நன்மைக்காக இதை எடுக்கச் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். சீனப் பிள்ளைகள் இதைப் படிக்கப் போவதில்லை. நம் பிள்ளைகளுக்கு இதில் கெடுதல் இல்லை. என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்துக்குத் திரும்பி மலேசிய அச்சகங்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன்.

ஜொகூரில் ஓர் அச்சகம் ஒப்புக்கொண்டது. ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 70 காசு கூடுதல், மொத்தம் 2,100 வெள்ளி. விரியும் தாளை விட்டுவிட்டு வரைபடத்தை இரண்டு பக்கத்தில் அடக்கினோம், அது இன்னும் எனக்குக் குறையாகவே இருக்கிறது. முதலாளியிடம் கணக்கைப் போட்டுக் காட்டினேன். தாமதமானால் விடுமுறை விற்பனை போய்விடும் என்பதுதான் அவரை அசைத்தது. எப்படியோ சரி என்றார். மலேசியாவிலும் அச்சகங்களுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சமயம் சம்பந்தமான பகுதி எதுவும் உண்டா என்று கேட்டார்கள், பக்கங்களைக் காட்டினோம், தடை சொல்லவில்லை.

அச்சு ஓடும் நாளில் உட்லண்ட்ஸிலிருந்து பேருந்து பிடித்துக் காலையிலேயே போய்விட்டேன். மெஷின் ஓட்டியவர் தமிழர். "அக்கா, கடல் நீலத்தைக் கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்று கேட்டுக்கேட்டுச் செய்தார். 41ஆம் பக்கம் இருந்த தாள் வந்ததும் கையில் எடுத்து, மை காயும்வரை வைத்திருந்தேன்.

இதே வழியில் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல முடிவது: ஃபைலை அனுப்பிய பிறகு கேட்காதீர்கள், விலைப்புள்ளி வாங்கும்போதே எவையெல்லாம் பரிசோதனைக்குப் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். வரைபடம் எதுவாக இருந்தாலும், வெறும் நிழலுருவமாக ஒரு மூலையில் இருந்தாலும், போகும். வேறொரு நாட்டு விலையையும் அப்போதே வாங்கி வைத்திருங்கள், இல்லையென்றால் நேரம் நெருக்கும்போது வெட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது. எந்தச் சொல்லை மாற்றச் சொன்னாலும் அன்றைக்கே எழுத்தாளரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது அதற்கு ஒரு பிரிவு சேர்த்திருக்கிறோம். புதிய கையெழுத்துப் பிரதியைப் படிக்கும்போது திபெத், தைவான் என்று வரும் இடங்களில் என் பென்சில் தானாக நிற்பதை இந்த வருடம் கவனித்தேன். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. அப்படிப் போட்ட குறிகளை அழித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்கிறேன்.

புத்தகம் கடைக்கு வந்த வாரம் 2019 சமையல் நூலின் எழுத்தாளரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சொல்லை நான் யோசித்துத்தான் போட்டேன்" என்றார். மறுபதிப்பில் திரும்பச் சேர்க்கிறேன் என்றேன். எங்கே அச்சிடுவீர்கள் என்று கேட்டார். ஜொகூர் என்றேன். சரி, அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், நானே ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன் என்றார்.