‘இலங்கை வந்துடுச்சா பாப்பா?’

கேபிள் டிவி ஆபீஸில் ஃபோன் எடுத்துப் புகார் எழுதுவது என் வேலை. ஆபீஸ் நீலகிரியில் பந்தலூர் பக்கம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகள், நடுவில் சின்னதாக ஒரு பஜார். படம் வரவில்லை, சேனலைக் காணோம், பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறது என்று எது ஆனாலும் முதலில் என் காதுக்குத்தான் வரும். நோட்டில் எழுதி லைன்மேன் அண்ணனிடம் சொல்வேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்தே பல ஒலிம்பிக் போட்டிகள் போய்விட்டன. அதில் நான் கவனித்தது ஒன்று. போட்டி நடக்கும்போது கூப்பிடுகிறவர்கள் வேறு, அதன் தொடக்க விழா நடக்கும்போது கூப்பிடுகிறவர்கள் வேறு.

கிரிக்கெட் நாளில் கூப்பிடுவதெல்லாம் இளவட்டங்கள். குரலிலேயே கோபம் தெரியும். “கடைசி ஓவர்க்கா, சீக்கிரம் பாருங்க” என்பார்கள். தொடக்க விழா அன்று கூப்பிடுவது பாட்டிகள், கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்த அம்மாக்கள், வருஷம் முழுக்க ஆபீஸுக்கு ஒரு ஃபோன்கூடப் போடாதவர்கள். ஹாக்கியில் ஒரு பக்கம் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆனால் விழாவை விட மாட்டார்கள். அதைப் பார்க்க விதி தெரிய வேண்டாம், பாஷை தெரிய வேண்டாம். இந்தியிலோ இங்கிலீஷிலோ யாராவது பேசிக்கொண்டே இருந்தால் சவுண்டைக் குறைத்துவிட்டுப் பார்ப்பார்கள். மேளம், துணிமணி, நடை, முகம் இது போதும் அவர்களுக்கு.

2008 ஆகஸ்ட் 8, பெய்ஜிங் விழா. நமக்கு அது சாயங்காலம் அஞ்சரை மணி. ஆகஸ்டில் எங்கள் பக்கம் மழை எப்படி இருக்கும் என்று தேவாலா, சேரம்பாடி ஆட்களைக் கேட்டால் தெரியும். வீட்டில் சின்ன டிஷ் வைத்திருந்தவர்களுக்கு மழை வலுத்தால் படம் நின்றுவிடும். எங்கள் மொட்டை மாடியில் இருப்பது பெரிய டிஷ், அது வாங்குகிற அலைவரிசை வேறு, அவ்வளவு சுலபத்தில் மழைக்கு அசையாது. அதனால் அன்று டிஷ் வைத்தவர்கள் எல்லாரும் கேபிள் இருக்கிற வீட்டில் கூடிவிட்டார்கள். ஒரு லைனில் ஒரே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க, ஃபோனில் பேசும்போதே பின்னால் அந்தக் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

பெய்ஜிங்கில் முதலில் வந்தது மேளம். 2008 பேர் ஒரே நேரத்தில் தட்டினார்கள், ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் மாறியது. அன்று ராத்திரி ஒரு பெரியவர் கூப்பிட்டார். தோட்டத்தில் காமன் கூத்துக்கும் சாவுக்கும் தப்பு அடிக்கிறவர். புகார் எதுவும் இல்லை, மறுபடி எப்போது போடுவார்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டார். “வாணவேடிக்கை கிடக்கட்டும் பாப்பா. அத்தனை பேர் அடிச்சாங்களே, ஒருத்தன் முந்தலை, ஒருத்தன் பிந்தலை. நாங்க ஆறு பேர் நின்னாலே கடைசி ஆளுக்கு அடி தள்ளிப் போயிடும். அது எப்படிப் பழகுனாங்க?” மறுநாள் அதே கேள்வியோடு மறுபடி கூப்பிட்டார். அந்த விழாவைப் பற்றி நிபுணர்கள் எவ்வளவோ சொன்னார்கள். இவர் கேட்ட கேள்வியைவிடக் கூர்மையாக யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து வேறொரு செய்தி வந்தது. சிவப்பு கவுன் போட்டுப் பாடிய ஒன்பது வயசுக் குழந்தை உண்மையில் பாடவில்லை, வாய் மட்டும் அசைத்தாள், குரல் இன்னொரு ஏழு வயசுக் குழந்தையுடையது, தோற்றம் சரிவராது என்று அவளை மேடை ஏற்றவில்லை என்றார்கள். வானத்தில் நடந்து வந்த பட்டாசுக் கால்தடங்களில் பெரும்பகுதி டிவிக்காகக் கம்ப்யூட்டரில் செய்து சேர்த்தது என்றும் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு டிவியும் கேபிள் ஆபீஸும் ஒன்றுதான். நான்தான் அந்த விழாவை நடத்தியது போலக் கேட்டார்கள். கால்தடத்தைப் பற்றி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தை விஷயத்தில்தான் கொதித்துப் போனார்கள். “அழகு பத்தலேன்னு புள்ளைய மறைச்சு வச்சாங்களா? அவ அம்மா அன்னிக்கு டிவி பாத்திருப்பாளே” என்று ஓர் அம்மா கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பார்க்கிறவர்களுக்குக் குறையில்லாத படம் வேண்டும் என்று நடத்துகிறவர்கள் முடிவு செய்துகொள்கிறார்கள். அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அணிவகுப்புக்கு வருகிறேன். விழாவில் எங்கள் பக்கத்து ஜனங்கள் காத்திருப்பது அதற்குத்தான். நடத்துகிற நாட்டின் எழுத்து வரிசைப்படி நாடுகள் வரும். பெய்ஜிங்கில் சீன எழுத்தின் கோடுகளை எண்ணி வரிசை வைத்தார்கள், அதனால் எது எப்போது வரும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. “இந்தியா எப்போ வரும்?” என்று ஒரு ஃபோன். ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் கொடியோடு வந்துபோன பிறகும் ஃபோன் நிற்கவில்லை. “இலங்கை வந்துடுச்சா பாப்பா?” என்று அடுத்த ஃபோன். அது ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது. அதுவரைக்கும் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டங்களில் வேலை செய்த லட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, இன்றைய டான்டீ. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி லைன்களில் இருப்பவர்களில் நிறையப் பேர் அப்படிக் கப்பலில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். என் தாத்தாவும் அப்படி வந்தவரே. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனது. இங்கே வந்தவர்களில் நிறையப் பேர் அங்கே இருந்த சொந்தத்தை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

2010 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை. டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்கம். அதற்கு முந்தின வாரங்களில் வந்த செய்தி எல்லாம் தலைகுனிவாக இருந்தது. ஸ்டேடியத்துப் பக்கத்தில் நடைபாலம் இடிந்தது, வீரர்கள் தங்கும் இடம் அழுக்காகக் கிடந்தது. “மானம் போயிடாம இருக்கணும்” என்று என்னிடமே நாலைந்து பேர் சொல்லியிருந்தார்கள். விழா நன்றாகவே நடந்தது. பெரிய பலூன் மேலே போனதும், ஏழு வயசுப் பையன் தபேலா வாசித்ததும் இன்னும் பேசுகிறார்கள்.

அன்று இந்தியா நடத்துகிற நாடு, அதனால் கடைசி. இலங்கை அதற்கு முன்னாலேயே வந்துவிடும். அணிவகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லைனுக்குப் படம் போய்விட்டது. கம்பத்தில் தொங்கும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் வேண்டும். அது இருக்கிற இடத்தில் கரண்ட் போனால், கீழே உள்ள வீடுகளில் விளக்கு எரிந்தாலும் டிவி வராது. “எங்க வீட்டுல கரண்ட் இருக்கே, ஏன் வரல?” என்ற கேள்விக்கு நான் அதிகம் சொல்லிய பதில் இதுதான். இலங்கையில் ஹட்டன் பக்கம் பிறந்த ஓர் அம்மாயி ஃபோனில் இருந்தார். “இலங்கை வந்துடுச்சா பாப்பா? எங்களுக்குப் படம் போயிடுச்சு.” நான் பதில் சொல்வதற்குள் ஃபோன் மகன் கைக்கு மாறியது. “அதுக்கெல்லாம் அவசரம் இல்லக்கா. இந்தியா வர்றதுக்குள்ள சரி பண்ணுங்க, போதும்.” முள்ளிவாய்க்கால் முடிந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அவர் குரலில் இருந்தது வெறும் எரிச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். பின்னால் அம்மாயி, “எங்கிட்ட குடுடா” என்பது கேட்டது.

லைன்மேன் அண்ணனை உடனே அனுப்ப முடியவில்லை. அந்த வளைவில் யானை நிற்கிறது என்று தகவல். இருட்டில் அந்தப் பக்கம் யாரையும் போகச் சொல்ல முடியாது, எவ்வளவு பெரிய விழாவாக இருந்தாலும். யானை பலா மரத்தை விட்டு நகர்ந்த பிறகு, பேட்டரியோடு ஜீப்பில் போய்ச் சரி செய்தார். இலங்கை போய்விட்டிருந்தது. பிறகு மறு ஒளிபரப்பில்தான் அம்மாயி பார்த்தார்.

சந்தா கட்ட வந்தபோது, இலங்கையை ஏன் பார்க்கிறீர்கள் என்று அம்மாயியிடமே கேட்டேன். “அந்த நாட்டு அரசாங்கத்த நான் பாக்கல பாப்பா. அது செஞ்சது எனக்கும் தெரியும். நடந்து வர்ற புள்ளைகளப் பாத்தேன். எங்கண்ணன் பேரன் பேத்திக அங்கதான் இருக்கு. யாரும் அதுல இருக்க மாட்டாங்க, இருந்தாலும் மூஞ்சியப் பாக்கணும்ல?” மகன் சொன்னதிலும் நியாயம் உண்டு. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரு தொடக்க விழாவை ஜனங்கள் எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதை எனக்கு விளங்க வைத்தவர் அம்மாயிதான். முகத்துக்காகப் பார்க்கிறார்கள்.

இது தெரிந்துவிட்டால் மற்ற நாட்களில் வந்த ஃபோன்களுக்கும் அர்த்தம் விளங்கும். லண்டன் விழா நமக்கு 2012 ஜூலை 28 அதிகாலை ஒன்றரை மணிக்கு. காலையில் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதிகம். ராணி பாராசூட்டில் குதிப்பது போல் காட்டியதை ஒருவரும் பேசவில்லை. சுஷில் குமார் கொடியோடு வர, பக்கத்தில் சிவப்புச் சட்டையோடு நடந்த பெண் யார் என்றுதான் கேட்டார்கள். அவர் அணியில் இல்லாதவர், விழாவில் ஆட வந்தவர் என்று பிறகு தெரிந்தது. நம் ஆட்கள் திரையில் இருப்பதே கொஞ்ச நேரம், அதிலும் கண் வேறு முகத்துக்குப் போய்விட்டதே என்ற ஆதங்கம்.

2021 டோக்கியோ விழாவில் ஸ்டேடியம் காலி. மேரி கோமும் மன்பிரீத் சிங்கும் கொடி பிடித்தார்கள். எனக்கு மறக்காதது அதற்கு முன்னால் நடந்தது. கிரீஸுக்கு அடுத்து இரண்டாவதாக அகதிகள் அணி வந்தது, 29 பேர், ஒலிம்பிக் கொடியோடு. 2016 ரியோவில் தொடங்கிய ஏற்பாடு அது. அன்று ஆபீஸிலேயே ஒரு தாத்தா இருந்தார், செட்டாப் பாக்ஸ் மாற்ற வந்தவர். இவர்கள் எந்த நாடு என்று கேட்டார். நாட்டை விட்டு வந்தவர்கள் தாத்தா, அவர்களுக்கென்று தனி அணி என்றேன். “நாங்களும் நாடத்தவங்களா இருந்தவங்கதான். எங்க கார்டுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு” என்றார். இந்தியா வருகிற வரைக்கும் இருங்கள் என்று நாற்காலி போட்டேன். “இவங்களப் பாத்ததே போதும்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கம். அது முழுக்க வேறு மாதிரி. நிறையத் தமிழிலேயே இருந்தது. வேட்டி கட்டிய குதிரைச் சின்னம் ‘தம்பி’, கமல்ஹாசன் குரலில் தமிழர் வரலாறு, லிடியன் நாதஸ்வரத்தின் பியானோ. குழந்தைகள் கூப்பிட்டார்கள், அதுவே புதுசு. அன்று யாரும் சவுண்டைக் குறைத்திருக்க மாட்டார்கள்.

பாரிஸ் விழா, 2024 ஜூலை 26, நமக்கு ராத்திரி பதினோரு மணி. அங்கேயும் மழை, இங்கேயும் மழை. சரத் கமலும் சிந்துவும் கொடி பிடித்தார்கள், நம்ம சென்னைப் பையன் என்று ஊரெல்லாம் விழித்திருந்தது. ஆனால் வீரர்கள் நடந்து வராமல் சேன் நதியில் படகில் வந்தார்கள். பார்க்க அழகுதான். எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. “மழைக்கோட்டுக்குள்ள யாரு என்னன்னே தெரியல, தூரத்துலேர்ந்தே காட்டுறாங்க” என்று ஒரே புலம்பல். நானும் அவர்கள் கட்சி. உலகமே பார்க்கிறது என்று தெரிந்து ஒருவர் நடந்து வரும்போது முகத்தில் ஒரு பயமும் பெருமையும் கலந்து இருக்கும், அதைப் படகில் பார்க்க முடியவில்லை. போதாக்குறைக்குத் தென் கொரியாவை வட கொரியா என்று அறிவித்துவிட்டார்கள், பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு துணுக்குச் செய்தி. அங்கே இருந்தவரைக்கும் ‘இந்தியத் தமிழர்’, இங்கே வந்தபிறகு ‘சிலோன்காரர்’ என்று எழுதப்பட்டவர்களுக்கு அப்படி இல்லை.

ஒளிபரப்புகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. அணிவகுப்பு நடக்கும்போது விளம்பரம் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் நாலைந்து நாடு போய்விடுகிறது. போவது எப்போதும் சின்ன நாடுகள்தான். மூன்று பேர், நாலு பேர் நடந்து வருகிற நாடுகள். அவர்களுக்குத் திரையில் கிடைப்பதே அந்த அரை நிமிஷம். மாடத்தில் உட்கார்ந்திருக்கும் தலைவர்களை எத்தனை தரம் காட்டுகிறார்கள்! அந்த நேரத்தில் விளம்பரம் போடட்டும், யாரும் எனக்கு ஃபோன் போட மாட்டார்கள்.

இப்போது ஃபோன் குறைந்துவிட்டது. பிள்ளைகள் மொபைலில் பார்க்கிறார்கள். பாட்டிகள் இன்னும் எங்களிடம்தான். அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ், 2028 ஜூலை 14. நமக்கு அது 15-ம் தேதி, சனிக்கிழமை காலையாக இருக்கும். கொழுந்துக்குப் போகிற நாள். அணிவகுப்பில் இங்கிலீஷ் எழுத்து வரிசை என்றால் இந்தியா முன்னால், இலங்கை பின்னால், அதற்குள் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடித்துவிடலாம். அம்மாயியின் மருமகள் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார், சாயங்காலம் மறுபடி எந்தச் சேனலில் போடுவார்கள் என்று. நேர அட்டவணை வந்ததும் முதல் ஃபோன் நான்தான் போட வேண்டும்.