மார்ச் 4 வரை

ஜனவரி 19

இவருடைய ஆபரேஷனுக்குத் தேதி சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து இன்றும் போன் வரவில்லை.

ஜனவரி 20

அமெரிக்க அதிபர் பதவியேற்கும் தேதி இது. ஒரு காலத்தில் அது மார்ச் 4. நவம்பரில் ஓட்டுப் போட்டால், ஜெயித்தவர் நாற்காலியில் உட்கார நான்கு மாதம் ஆகும். ரயில் இல்லாத காலத்தில் வைத்த கணக்கு. ரயிலும் ரேடியோவும் வந்த பிறகும் அப்படியே இருந்தது.

1932 நவம்பர் 8 இரவே, அப்போது அதிபராக இருந்த ஹூவர் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றது தெரிந்துவிட்டது. 48 மாநிலங்களில் 42 ரூஸ்வெல்ட்டுக்கு. மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் ஓட்டில் 472-க்கு 59. ஜனங்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அப்போது நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அப்படியும் மார்ச் வரை பொறு என்றால் எப்படிப் பொறுப்பார்கள்? என்ன செய்ய வேண்டும் என்பது முடிவான பிறகு வரும் நாட்கள்தான் கொடுமை. முடிவு தெரியாமல் இருந்தபோது எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

ஜனவரி 23

1933-இல் இதே தேதியில்தான் பதவியேற்பை ஜனவரிக்கு மாற்றும் அரசியல் சாசனத்தின் 20-ஆவது திருத்தம் உறுதியானது. நெப்ராஸ்காவின் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் வருஷக்கணக்காக மல்லுக்கட்டி வாங்கியது. ஆனால் ஜனவரியில் பதவியேற்பது 1937-இல்தான் முதல்முறை நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் வேலையில்லாமல் நின்றவர்களுக்கு அதனால் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

ஜனவரி 26

இவர் தூங்கியதும் கொஞ்ச நேரம் வெளியே நடந்தேன். மேடிசன் தெருவில் யுனைடெட் சென்டருக்கு எதிர்ப்பக்கம் பெரிய கார் நிறுத்துமிடம். ஓரமெல்லாம் குவித்துவைத்த பனி, புகைபட்டுக் கறுத்துப்போயிருந்தது. பழைய சிகாகோ ஸ்டேடியம் இருந்த இடம் அது. 1932 ஜூனில் இரண்டு கட்சிகளின் மாநாடும் அடுத்தடுத்து அங்கேதான். குடியரசுக் கட்சிக்காரர்கள் ஹூவரையே திரும்ப நிறுத்திவிட்டுப் போனார்கள். ஜனநாயகக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது விதி. மூன்று சுற்றிலும் ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்கவில்லை. நான்காவதில் கலிபோர்னியா அவர் பக்கம் சாய்ந்தது. மாடத்தில் இருந்த ஆல் ஸ்மித் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். 1928-இல் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற ஸ்மித்தைக் கத்தோலிக்கர் என்பதற்காகவும் மதுவிலக்கை எதிர்த்தார் என்பதற்காகவும் என்ன பாடு படுத்தினார்கள்! அவர்களுடைய ஆத்திரம் எனக்குப் புரிகிறது.

வேட்பாளர் வீட்டில் காத்திருக்க வேண்டும், சில வாரம் கழித்து ஒரு குழு போய் முறைப்படி அறிவிக்கும், இதுதான் அதுவரை வழக்கம். ரூஸ்வெல்ட் காத்திருக்கவில்லை. ஆல்பனியிலிருந்து விமானம் ஏறி, எதிர்காற்றில் தடுமாறி, ஜூலை 2 அன்று இங்கே வந்து இறங்கி, அன்றே பேசினார். பிற்பாடு அவர் ஆட்சியின் திட்டங்களுக்கே பெயராகிவிட்ட ‘நியூ டீல்’ என்ற சொல் அந்தப் பேச்சில் வந்ததுதான்.

சில வாரம்கூடப் பொறுக்காத மனுஷர், ஜெயித்த பிறகு நான்கு மாதம் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தார்?

பிப்ரவரி 2

அத்தை போன் செய்தார். “தேதி ஏதாவது சொன்னாங்களாம்மா?” இல்லை அத்தை.

பிப்ரவரி 7

தூக்கம் இல்லை. பிரச்சாரப் பேச்சுகளைத் திரும்பப் படித்தேன். அக்டோபர் 19, பிட்ஸ்பர்க். மத்திய அரசை நடத்தும் செலவில் கால்வாசியைக் குறைப்பேன் என்கிறார் ரூஸ்வெல்ட். பிற்பாடு அவர் கோடி கோடியாகச் செலவழித்தது நமக்குத் தெரியும். அக்டோபர் 31, நியூயார்க். இறக்குமதி வரியை எடுத்துவிட்டால் நூறு நகரங்களின் தெருக்களில் புல் முளைக்கும் என்று பயமுறுத்துகிறார் ஹூவர். டெட்ராய்ட்டில் ஹூவருக்குக் கூச்சல்தான் வரவேற்பு. ஜூலை கடைசியில் அனகோஸ்டியா ஆற்றங்கரையில், போனஸ் கேட்டு வந்த முதல் உலகப்போர் வீரர்களை ராணுவத் தளபதி மெக்ஆர்தரின் படை கண்ணீர்ப்புகை வீசி விரட்டியதை யாரும் மறக்கவில்லை. அந்தக் குடிசைகள் எரியும் படத்தைப் பார்த்துவிட்டு ஹூவருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

கால்வாசி குறைப்பேன் என்றதை நம்பிப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் விடியும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். வாக்குக் கொடுப்பவர் முகத்தைப் பார்த்தே நம்ப வேண்டியிருக்கிறது. வேறு வழி?

பிப்ரவரி 8

இவர் ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருக்கிறது. சிறுநீரகம் இன்னும் மோசம் என்று அர்த்தம்.

பிப்ரவரி 14

1933-இல் இன்று மிச்சிகன் ஆளுநர் தன் மாநிலத்தின் வங்கிகளையெல்லாம் எட்டு நாள் மூடச் சொன்னார். அங்கிருந்து பீதி மற்ற மாநிலங்களுக்குப் பரவியது. கையில் இருக்கும் சில்லறைதான் பணம். கணக்கில் இருக்கிறது, எடுக்க முடியாது.

இன்ஷூரன்ஸில் இன்னொரு தாள் கேட்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பிய தாள்.

பிப்ரவரி 15

போல்க் ஸ்டேஷனில் பிங்க் லைனுக்காக நின்றேன். ரயிலின் நெற்றியில் ‘54/செர்மாக்’. தினம் பார்க்கும் பெயர், இன்று நெஞ்சில் குத்தியது.

ஆன்டன் செர்மாக், சிகாகோ மேயர். பொஹீமியாவிலிருந்து குழந்தையாக வந்தவர். மாநாட்டில் ஸ்மித் பக்கம் நின்றவர். இந்த ஊர் ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் போடப் பணம் இல்லை, வாஷிங்டனைத்தான் நம்பியிருந்தது நகராட்சி. ரூஸ்வெல்ட்டோடு இருந்த மனக்கசப்பைத் தீர்த்துக்கொள்ள மயாமி போனார். 1933 பிப்ரவரி 15 இரவு, பேஃப்ரன்ட் பூங்கா. ரூஸ்வெல்ட் திறந்த காரில் இருந்தபடி பேசி முடித்ததும் சங்காரா என்பவன் சுட்டான். ரூஸ்வெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து பேர் மேல் குண்டு பட்டது, அதில் செர்மாக் ஒருவர். ரூஸ்வெல்ட் தன் காரிலேயே அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பதவியேற்பு ஜனவரியில் நடந்திருந்தால் மேயர் அந்தப் பூங்காவுக்குப் போயிருக்கவே வேண்டாம். அதிகம் யோசிக்கிறேன் என்கிறார் இவர். இருக்கட்டும்.

பிப்ரவரி 18

ஹூவர் தன் கையால் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதிய நாள். நாடு பயந்துகிடக்கிறது, வரவுசெலவைச் சரிக்கட்டுவேன், டாலரின் மதிப்பைக் குறைக்க மாட்டேன் என்று நீங்கள் இப்போதே அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். தன் கொள்கையையே அவர் வாயால் சொல்லவைக்கப் பார்த்தார் என்று ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனாலும் நான் இன்று ஹூவர் கட்சி. அந்த மனுஷர் கெஞ்சியிருக்கிறார்.

பிப்ரவரி 24

பதில் இல்லை. ஹூவர் கடிதத்துக்கும், இன்ஷூரன்ஸுக்கு நான் எழுதியதற்கும்.

மார்ச் 1

ரூஸ்வெல்ட்டின் பதில் ஹூவர் கைக்கு வந்தது இன்றுதான். முன்பே எழுதிவிட்டேன், வரைவு என்று நினைத்துச் செயலாளர் அனுப்பாமல் விட்டுவிட்டார் என்று விளக்கம். நான் நம்பவில்லை. பொறுப்பு கைக்கு வரும்வரை பழியில் பங்கு வேண்டாம் என்று ஒதுங்கி நின்றார். அரசியல் கணக்கில் அது புத்திசாலித்தனம். டெட்ராய்ட் வங்கி வாசலில் நின்றவளுக்கு?

இன்ஷூரன்ஸ்காரரிடம் போனில் கத்திவிட்டேன். அப்புறம் அழுதேன்.

மார்ச் 4

அன்று விடியற்காலையில் நியூயார்க்கும் இல்லினாயும் வங்கிகளை மூடின. அதற்குப் பிறகுதான் பதவியேற்பு. பயத்தைத் தவிர நாம் பயப்பட வேண்டியது எதுவும் இல்லை என்றார் ரூஸ்வெல்ட். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே நேரத்தில் மயாமி ஆஸ்பத்திரியில் செர்மாக் படுத்துக் கிடந்தார்.

மார்ச் 6

நாடு முழுக்க வங்கிகளை மூடச் சொல்லி ரூஸ்வெல்ட் ஆணையிட்ட நாள். செர்மாக் இறந்த நாள்.

இன்று எதையும் படிக்க மாட்டேன்.

மார்ச் 12

புது டாக்டர் வந்தார். வயதில் சிறியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் படம் வரைந்து, எந்தக் குழாயை எங்கே சேர்ப்பார்கள், எங்கே கசியலாம், கசிந்தால் என்ன செய்வார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். இவர் தைரியமாகக் கேள்வி கேட்டார்.

1933-இல் இன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு ரேடியோவில் ரூஸ்வெல்ட் பேசினார். கால் மணி நேரத்துக்கும் குறைவு. நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் பத்திரமாகவும் சுற்றில் விடுகிறது என்று ஆரம்பித்து, எந்த வங்கி எப்போது திறக்கும் என்பதுவரை. மறுநாள் வங்கிகள் திறந்தபோது எடுத்தவர்களைவிடப் போட்டவர்கள் அதிகம். இதை ஏன் நவம்பரிலேயே யாராவது ஒருவர் செய்யவில்லை? அதிகாரம் இல்லாவிட்டால் என்ன, உட்கார்ந்து விளக்கிச் சொல்லவும் பதவியேற்க வேண்டுமா?

ரூஸ்வெல்ட் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. பாதி இருக்கிறது.

மார்ச் 15

போன் வந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு உள்ளே இருக்க வேண்டும். அத்தைக்குச் சொல்ல வேண்டும், அங்கே இப்போது மணி என்ன