பினாங்கின் 9.78

போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை. நான்காம் படிவம் படிக்கும் என் பேத்தி கூடத்து மேசையில் செய்முறை ஏட்டை விரித்து வைத்து, அழிப்பானால் எதையோ அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 9.77 என்று இருந்த விடை போய், அந்த இடத்தில் 9.81 வந்து உட்கார்ந்தது.

"ஏனம்மா அழிக்கிறாய்?"

"புத்தகத்தில் 9.81 தாத்தா. எனக்குக் குறைவாக வந்துவிட்டது. எல்லாருமே மாற்றித்தான் எழுதினார்கள்."

எனக்குச் சுருக்கென்றது. பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கூடத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். ஆண்டுதோறும் ஊசல் குண்டுகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, நூலின் சிக்கெடுத்துப் பெட்டியில் அடுக்கியவன். அவள் அழித்த எண்தான் எங்கள் ஊருக்குரிய எண்ணுக்கு அருகில் இருந்தது. விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி எத்தனை மீட்டர் கூடுகிறது என்பதுதான் புவியீர்ப்பு முடுக்கம். பினாங்கில் அது 9.78. லண்டன், பாரிஸ் பக்கத்து எண் 9.81.

அவள் செய்த செய்முறையைப் பள்ளியில் மலாயில் 'பண்டுல் ரிங்காஸ்' என்பார்கள். தமிழில் தனி ஊசல். நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளப்பது. ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. நூலின் நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28ஆல் பெருக்கினால் ஓர் அலைவின் நேரம் வந்துவிடும். நீளத்தையும் நேரத்தையும் அளந்துவிட்டால் கணக்கைத் திருப்பிப்போட்டு ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். குண்டின் எடை இந்தக் கணக்கில் எங்கும் வராது.

"அது எப்படி வராமல் போகும்?" என்று அன்றிரவு கேட்டாள். கூடத்து உத்தரத்தைக் காட்டினேன். எங்கள் ஜெலுத்தோங் வீடு பழைய வீடு. தொட்டில் கொக்கி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதில்தான் அவளுக்கு அவள் பாட்டியின் சேலையில் தூளி கட்டினோம். மூன்று மாதத்தில் ஆறு கிலோ இருந்தாள், ஒரு வயதில் ஒன்பது கிலோ. தூளியின் தாளம் மாறவே இல்லை. எடை கூடினால் பூமி இழுக்கும் இழுப்பும் கூடுகிறது. அதே அளவுக்கு அந்த உடலை அசைப்பதும் கடினமாகிறது. ஒன்றை மற்றொன்று சரிக்கட்டிவிடுகிறது.

அவள் தம்பி பிறந்தபோது கடையிலிருந்து ஸ்பிரிங் தொட்டில் வாங்கி வந்தார்கள். அதன் கதை வேறு. அது பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழும் எழும்பித் தாழும். பிறந்த புதிதில் படபடவென்று துள்ளியது, பையன் எடை போடப் போட நிதானப்பட்டுக்கொண்டே வந்தது. ஸ்பிரிங்கின் இழுப்பு குழந்தையின் எடையைப் பார்ப்பதில்லை. தான் எவ்வளவு நீண்டிருக்கிறோம் என்பதை மட்டுமே பார்க்கிறது. அதனால் சுமை கூடினால் அசைவு மெதுவாகிவிடுகிறது. தொங்கும் சுமை நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரண்டு மடங்காகும்.

தூளிக்கும் ஸ்பிரிங் தொட்டிலுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நடுநிலையிலிருந்து எவ்வளவு விலக்குகிறோமோ, அந்த அளவுக்கு அதைத் திரும்ப இழுக்கும் விசையும் கூடும். இரண்டு மடங்கு விலக்கினால் இரண்டு மடங்கு இழுப்பு. போகவேண்டிய தூரம் இரட்டிப்பு, போகும் வேகமும் இரட்டிப்பு. ஆகவே நேரம் மாறுவதில்லை. தனிச்சீரிசை இயக்கம் என்று பாடநூல் பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். அதிலுள்ள 'இசை' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். வீணைத் தந்தியை மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் சுரம் மாறாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஊசலுக்கு இது சிறிய ஆட்டத்தில் மட்டுமே பொருந்தும். எவ்வளவு அகலமாக ஆடினாலும் நேரம் ஒன்றே என்று கலிலியோ நம்பினார். அது முழு உண்மையில்லை என்று பின்னால் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் காட்டினார். 10 பாகை விலக்கி விட்டால் பிழை ஆயிரத்தில் இரண்டு பங்குதான். 60 பாகை விலக்கினால் நூற்றில் ஏழு பங்கு ஆகிவிடும். மாணவர்கள் ஆர்வத்தில் குண்டைத் தோள்வரை இழுத்து விடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அளவு கெட்டுப்போகும்.

இனி 9.81க்கு வருகிறேன். பேத்திக்கு நான் சொன்னது ஜான் ரிஷேரின் கதை. 1672இல் பாரிஸ் அறிவியல் கழகம் அவரைத் தென்னமெரிக்காவின் கயேன் என்னும் ஊருக்கு அனுப்பியிருந்தது. செவ்வாய்க் கோளைக் கவனிப்பது அவர் வேலை. பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் கயேனில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கியது. சரியாக ஓட வைக்க, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஊசலை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் அளவு சுருக்கவேண்டியிருந்தது. மூன்று மில்லிமீட்டர் என்றால் இரண்டு ஐம்பது சென் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் உயரம்கூட இல்லை. கைப்பிழை என்று சொல்லி ஒதுக்கிவிட யாருக்கும் மனம் வரும். ரிஷேர் ஒதுக்கவில்லை, பல மாதங்கள் திரும்பத் திரும்ப அளந்து, வந்ததை வந்தபடி எழுதினார். 1687இல் நியூட்டன் தம் நூலில் அந்த அளவை எடுத்து ஆண்டார். பூமி சுழல்வதாலும், நடுவில் பருத்துத் துருவங்களில் தட்டையாக இருப்பதாலும் நிலநடுக்கோட்டின் அருகே ஈர்ப்பு குறைவு என்பது அவர் வாதம். நடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்த 21 கிலோமீட்டர் வேறுபாட்டை ஒரு கடிகாரத்தின் சோம்பல் முதலில் காட்டிக்கொடுத்தது.

கயேன் வடக்கு அட்சரேகை ஏறக்குறைய 5 பாகையில் இருக்கிறது. பினாங்கு ஐந்தரைக்குச் சற்றுக் கீழே. உலகப் படத்தில் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்தினால் கிட்டத்தட்ட நம் வீட்டுக்கே வந்து சேரும். பேத்தி உண்மையிலேயே விரலை வைத்து நகர்த்திப் பார்த்தாள்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அவளுடைய 9.77 எதையும் நிறுவியதாக நான் நினைக்கவில்லை. அரை மீட்டர் நூலில் 20 அலைவுகள் என்றால் மொத்தம் 28 விநாடிதான். கடிகாரத்தை அமுக்கும் விரல் 0.2 விநாடி பிசகினாலே விடை 9.6க்கும் 9.9க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். 9.78ஐயும் 9.81ஐயும் பிரித்துப் பார்க்க அந்த அளவீட்டுக்குக் கண் போதாது. ஆனாலும் அது அவள் கை அளந்த எண். அதை அழித்துவிட்டால் பிசகு எவ்வளவு என்று பார்க்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. அதனால் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு மறுபடி அளப்போம் என்றேன்.

ஞாயிறு காலை தொடங்கினோம். தூண்டில் சாமான் கடையில் அரைக்கிலோ ஈயக்குண்டு ஒன்று வாங்கியிருந்தேன், நல்ல உருண்டையாகப் பார்த்து. நைலான் நூல் கூடாது. குண்டின் பாரத்தில் அது இழுபடும். மெல்லிய எஃகுக் கம்பி எடுத்துக்கொண்டோம். கொக்கியில் கட்டினால் கம்பி வளைவில் உருண்டு நீளம் மாறும் என்பதால், கொக்கிக்குப் பக்கத்திலேயே உத்தரத்தில் இரண்டு பலகைத் துண்டுகளை வைத்து இறுக்கி, கம்பியை நடுவில் கவ்வ வைத்தேன். குண்டு தொங்கும் நிலையிலேயே, பலகையின் கீழ் விளிம்பிலிருந்து குண்டின் மையம்வரை அளந்தோம்: 2.240 மீட்டர்.

ஆட்டம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். குண்டு ஓரத்தில் திரும்பும்போது நேரத்தைத் தொடங்குவது பெரும்பாலோர் செய்யும் தவறு. அங்கே அது தயங்கி நிற்கும், எந்தக் கணம் என்று தெரியாது. நடுவில்தான் வேகம் அதிகம். அங்கே சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு, குண்டு அதைக் கடக்கும்போது 'சுழி' என்று தொடங்கவேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால் ஓர் அலைவு காணாமல் போகும். என் பணிக்காலம் முழுவதும் நான் திருத்திக்கொண்டே இருந்த பிழை இது.

மின்விசிறியை நிறுத்தினோம். கதவையும் சாத்தினோம். 200 அலைவுகள், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம், பினாங்குப் புழுக்கத்தில். அவள் எண்ண, நான் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தீக்குச்சியை நகர்த்தி வைத்தேன். மூன்று தடவை அளந்தோம்: 601.2, 601.5, 601.3 விநாடி. ஈர்ப்பு முடுக்கம் 9.81ஆக இருந்திருந்தால் 600.5 வந்திருக்கவேண்டும். கணக்கு போட்டபோது எங்களுக்குக் கிடைத்தது 9.78, பிசகு இருந்தாலும் 0.01 அளவில்தான். அதை அவள் பேனாவால் எழுதினாள். ஏட்டில் பழைய விடை இருந்த இடத்தில் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது. அதன் பக்கத்திலேயே 9.77 என்பதையும் திரும்ப எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி: பினாங்கின் கொடிமலை மேல் அளந்தால் என்ன வரும்? உயரப் போனால் ஈர்ப்பு குறையும் என்பது சரி. கேபிள் ரயில் ஏற்றிவிடும் 700 மீட்டருக்கு எங்கள் ஊசலின் பத்து நிமிடத்தில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கையால் அளக்க முடியாது. ஒரு நாள் முழுவதும் ஓடும் ஊசல் கடிகாரம் என்றால் சில விநாடிகள் தெரியும். என் அப்பாவின் சுவர்க்கடிகாரம் இன்னும் ஓடுகிறது. ஆனால் மலைமேல் நான்கைந்து பாகை குளிர்ச்சி. உலோகத் தண்டு சுருங்கி, கடிகாரம் நாளைக்கு இரண்டு மூன்று விநாடி வேகமாக ஓடி, நாம் தேடும் வேறுபாட்டில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். இழைப்புக் கடையில் நேரான, நன்றாகக் காய்ந்த மரத்தண்டு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். மரம் சூட்டுக்கு அவ்வளவாக நீளாது. ஈரத்துக்கு ஊறாமல் இருக்க இரண்டு கை வார்னிஷ் அடிக்கவேண்டும்.