அவாஜித் தீவின் முகட்டுப் பூதங்கள்

ஜப்பானுக்குப் போய் வந்தவர்களின் படங்களில் எங்காவது ஒரு மூலையில் அந்த முகம் இருக்கும். கோயில் கூரையின் முகட்டு நுனியில் உட்கார்ந்து, கொம்பும் கோரைப்பல்லுமாகக் கீழே முறைத்துக்கொண்டிருக்கும் பூதம். ஒனிகவாரா என்பது அதன் பெயர். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அது உண்மையில் ஓர் அடைப்பு. கூரையின் இரண்டு சரிவுகளும் சேரும் முகட்டில் ஓடுகளை அடுக்கிக்கொண்டே வந்தால், கடைசியில் ஒரு வாய் திறந்தபடி நிற்கும். காற்றோடு வரும் மழை நேராக அதற்குள் அடிக்கும். உள்ளே இருப்பது மரம். வருடக்கணக்கில் ஈரம் பட்டால் வீடு உளுத்துப்போகும். அந்த வாயை மூடுவதற்காக வைத்த ஓட்டுக்குத்தான் பிறகு கண்ணும் மூக்கும் வந்தன.

இதைக் கையால் செய்தே பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவாஜித் தீவுக்குப் போனேன். ஜப்பானில் கூரை ஓட்டுக்குப் பேர்போன வட்டாரங்கள் மூன்று. ஐச்சி மாநிலத்தில் தகஹாமா நகரை ஒட்டிய சன்ஷூ, ஷிமானே மாநிலத்தின் செகிஷூ, ஹியோகோ மாநிலத்தின் அவாஜி. உற்பத்தியில் சன்ஷூவை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது. செகிஷூவின் செம்பழுப்பு ஓடு பனி விழும் ஊர்களில் உழைக்கும். எனக்கு அவாஜிதான் வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் அதன் நிறம். வர்ணமோ மெருகுப் பூச்சோ இல்லாமல், புகையால் மட்டுமே வரும் வெள்ளிச் சாம்பல்.

கோபேயின் சன்னோமியாவில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அகாஷி கடற்பாலம் வந்துவிடுகிறது. 1998-இல் திறந்த தொங்குபாலம். இரு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1991 மீட்டர். கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17 அதிகாலையில் வந்த நிலநடுக்கத்தில் கோபுரங்கள் நகர்ந்து, இடைவெளி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீண்டுவிட்டது. அந்த நீளத்தையும் சேர்த்துக்கொண்டுதான் பாலத்தைக் கட்டி முடித்தார்கள். கோபேயில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் கூட வந்திருந்தான். ஜப்பானிய மொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் இல்லாமல் இந்தப் பயணத்தில் பாதி எனக்குப் புரிந்திருக்காது.

தீவின் தெற்கே ஃபுகுரா வரை பஸ்ஸிலும், அங்கிருந்து காரிலுமாக மினாமி அவாஜியின் மேற்குக் கரைக்குப் போனோம். வழியெல்லாம் வெங்காய வயல். அறுத்த வெங்காயத்தைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடும் சுவரில்லாத கொட்டகைகள். ட்சுயி என்ற பகுதிக்குள் நுழைந்ததும் காட்சி மாறுகிறது. வாசலிலும் சந்திலும் ஓடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். மதில் ஓட்டால் ஆனது, நடைபாதையில் பதித்ததும் ஓடு. நானூறு ஆண்டுகளாக இதே தொழில் நடக்கும் தீவு என்பதைச் சொல்லப் பலகை எதுவும் தேவைப்படவில்லை.

நாங்கள் போன பட்டறை கடலுக்கு அருகில் இருந்தது. பூத ஓடு மட்டுமே செய்யும் கலைஞர்களை ஒனிஷி என்கிறார்கள். சாதாரணக் கூரை ஓட்டை இப்போது இயந்திரம் அழுத்தித் தள்ளிவிடுகிறது. முகட்டுப் பூதம் இன்னும் கையில்தான் இருக்கிறது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வந்தவர்கள் முன்னால் ஆளுக்கொரு பலகை, அதன் மேல் முன்கூட்டியே வெட்டி வைத்த மண் தட்டு, பக்கத்தில் ஒரு கட்டி மண், ஒரு கிண்ணத்தில் மண்குழம்பு, மூங்கிலிலும் இரும்பிலும் சில தட்டைக் கருவிகள். ஹெரா என்று அவற்றைச் சொல்கிறார்கள்.

அந்த மண்ணைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது. அவாஜி மண் அவ்வளவு நைசானது. விரலால் தேய்த்தால் மணல் தட்டுப்படுவதே இல்லை. வெட்டிய மண்ணைக் கலந்து அரைத்து, இயந்திரத்தில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகுதான் பட்டறைக்குள் விடுகிறார்கள். உள்ளே காற்று தங்கினால் சூளையில் வெடித்துப்போகும். பதம் மிகக் கறாரானது. அழுத்தினால் விரல் பதிய வேண்டும், ஆனால் கையோடு ஒட்டிக்கொண்டு வரக் கூடாது.

“அக்கா, முதலில் மூக்கை வைக்கச் சொல்கிறார்” என்றான் தம்பி. முகத்தின் நடுவே எது அதிகம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அதை வைத்துவிட்டால், மற்றவை அதைப் பார்த்துத் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளுமாம். சும்மா ஒட்டினால் மூக்கு நிற்காது. தட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். மூக்கின் அடியிலும் அப்படியே கீறி, இரண்டிலும் மண்குழம்பைத் தடவி, வைத்து, ஒரு திருகு திருகி அழுத்த வேண்டும். ஓரத்தில் பிதுங்கும் குழம்பை விரலால் உள்நோக்கி இழுத்து, சேர்ந்த கோடே தெரியாதபடி தேய்க்க வேண்டும். ஒட்டில் காற்று மாட்டிக்கொண்டால், காயும்போதோ சுடும்போதோ மூக்கு தனியே வந்துவிடும். புருவம், கன்னம், கொம்பு, பல் என்று ஒவ்வொன்றுக்கும் இதே வேலை. கொம்புக்குள் இருந்த மண்ணைப் பெரியவர் பின்பக்கமாகத் தோண்டி எடுக்கச் சொன்னார். மண் எங்கும் ஒரே கனமாக இருந்தால்தான் ஒரே சீராகக் காயும். நம் ஊர் வேளார்கள் ஐயனார் குதிரையை உள்ளே வெற்றிடமாக விட்டு எழுப்புவதும் இதே கணக்கில்தான்.

என் பூதத்துக்குக் கண் வந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். பலகையோடு அதைத் தூக்கிப் போய், தலைக்கு மேலே ஒரு தட்டில் நிறுத்திவிட்டு, என்னைத் தரையில் உட்காரச் சொன்னார். மேசையில் நேருக்கு நேர் பார்த்தபோது கோபமாக இருந்த முகம், கீழிருந்து பார்த்தால் எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூதத்தைப் பார்க்கிறவர் எப்போதும் தரையில் நிற்பவர். அதனால் கருவிழி கீழே சாய வேண்டும், புருவம் முன்னால் தள்ளிக்கொண்டு வர வேண்டும், நிழல் விழும்படி கண்குழி ஆழமாக வேண்டும். பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த பழைய பூதங்கள் எல்லாம் அளவு மீறி முழிப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

தட்டிலிருந்து இறக்கியதும் கண்குழியில் விரல் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டார். குழியில் மழைநீர் நின்றால், பனிக்காலத்தில் அது உறைந்து, விரிந்து, ஓட்டை உள்ளேயிருந்து பிளக்கும். எனவே குழியின் கீழ் விளிம்பை வெளிப்பக்கம் சரித்து, கன்னத்தின் வழியாக நீர் வடிய ஒரு தடம் விட வேண்டும். அழகுக்கு என்று நான் எண்ணியிருந்த கன்னச் சுருக்கம் ஒரு வாய்க்கால். எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. முறைக்கிற முகம் முழுக்க மழையைப் பற்றிய யோசனை.

கடைசி வேலை மெருகேற்றுவது. மேல்ஈரம் சற்று இறங்கியதும், இரும்பு ஹெராவின் தட்டைப் பக்கத்தால் மண்ணை அழுத்தி இழுக்கிறார்கள். இழுத்த இடம் ஈரத்தோல் போலப் பளபளக்கத் தொடங்கும். சூளையிலிருந்து வரும் வெள்ளி மினுக்கம் எவ்வளவு என்பதை இந்த இழுப்புதான் தீர்மானிக்கிறது. நான் இழுத்த இடத்தில் கோடுகள் தெரிந்தன. அவர் அதே கருவியை வாங்கி அதே இடத்தில் ஒருமுறை இழுத்தார். கோடு இல்லை. எத்தனை வருடங்கள் சேர்ந்து அந்த ஒரு இழுப்பு ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்ததைக் கையோடு எடுத்து வர முடியாது. வாரக்கணக்கில் நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். காய்ந்து, வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குவதால், அளவு தப்பாத வேலைக்குக் கலைஞர்கள் முதலிலேயே பெரிதாக வரைந்துகொள்கிறார்கள். ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் ஓடு வெந்ததும் சூளைக்குள் காற்றுப் போகாமல் அடைத்து, எரிவாயுவை மட்டும் செலுத்துகிறார்கள். எரிய வழியில்லாத வாயுவிலிருந்து பிரியும் கரி, ஓட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. வெள்ளி நிறம் அதுதான். தண்ணீரைத் தடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. எரிவாயு வருவதற்கு முன்பு பைன் மரக் கிளைகளைத் திணித்துப் புகை மூட்டினார்கள். அந்தப் பழைய சூளைக்குத் தருமா சூளை என்று பெயர். அமர்ந்திருக்கும் போதிதர்மரின் உருவத்தை ஒத்த வடிவம் அதற்கு.

இந்தத் தொழில் ஜப்பானில் பிறந்ததல்ல. 588-ஆம் ஆண்டில் கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து ஓடு செய்யும் வல்லுநர்கள் நான்கு பேர் வந்ததாகப் பழைய அரச வரலாறு சொல்கிறது. அவர்கள் வேலை செய்தது அசுகா கோயிலுக்காக. 718-இல் அந்தக் கோயில் நாராவுக்கு இடம் பெயர்ந்து கங்கோஜி ஆனபோது, பழைய ஓடுகளும் கூடவே வந்தன. அவற்றில் சில இன்றும் அங்கே கூரையில் இருக்கின்றன. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இல்லாமல் மழையில் நனைந்தபடி, தம் வேலையைச் செய்துகொண்டு. கங்கோஜிக்குப் போகிறவர்கள் பின்பக்கம் சுற்றிப் போய்க் கூரையைப் பாருங்கள். சிவப்பு, பழுப்பு, கறுப்பு என்று நிறம் நிறமாகக் கலந்து தெரியும் பகுதிதான் அது.

ஆரம்பகாலப் பூத ஓடுகளில் தாமரையும் விலங்கு முகமும்தான் இருந்தன. கொம்பு வைத்த முகம் முரோமாச்சிக் காலத்தில்தான், அதாவது பதினான்கு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரையிலான காலத்தில்தான் ஊன்றியது. சாதாரண வீடுகளில் பெரும்பாலும் முகமே இருக்காது. தீ அணுகாமல் இருக்க அலை, மேகம், சில இடங்களில் நீர் என்ற எழுத்து. கியோட்டோவில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு மருந்துக் கடைக்காரர் தன் கூரையில் பெரிய பூதத்தை வைக்க, எதிர்வீட்டு அம்மாள் படுத்த படுக்கையாகிவிட்டாராம். பூதத்தை அடக்கும் ஷோக்கி என்ற வீரனின் உருவத்தை ஓட்டு மண்ணில் செய்து எதிர்க் கூரையில் நிறுத்திய பிறகுதான் அவருக்குக் குணமானதாம். கியோட்டோவின் பழைய தெருக்களில் இறவாரத்துக்கு மேல் கையளவு ஷோக்கி இன்றும் வாளோடு நிற்கிறார். தேடிப் பாருங்கள், வீட்டுக்கு வீடு முகம் வேறு.

பட்டறையில் தேநீர் கொடுத்தபோது 1995 பற்றிய பேச்சு வந்தது. வராமல் இருக்காது. அந்த நிலநடுக்கம் அவாஜியின் வடமுனையை ஒட்டித்தான் பிறந்தது. ஆறாயிரத்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இடிந்த வீடுகளின் படங்களில் எல்லாம் மேலே ஓட்டுக்கூரை அப்படியே கவிழ்ந்து கிடந்தது. கனமான ஓடுதான் கொன்றது என்று நாடு முழுவதும் பேச்சுப் பரவி, மக்கள் தகரத்துக்கும் பலகைக்கும் மாறினார்கள். சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஓடு கனம்தான், மறுக்கவில்லை. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிலோ. அந்த வட்டாரத்துப் பழைய வழக்கப்படி அடியில் மண் பரப்பி அதன் மேல் ஓடு பதித்திருந்தால் இன்னும் அதிகம். ஆனால் விழுந்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவை 1981-இல் வந்த கடுமையான கட்டட விதிகளுக்கு முன்பு கட்டியவை. சுவர் போதாமல், கால்கள் செல்லரித்து நின்றவை. எடையைத் தாங்க வேண்டிய உடம்பு பலவீனமாக இருக்க, பழி தலைக்குப் போனது. ஓட்டுக்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மாவும் இருக்கவில்லை. மண் பரப்பும் முறையை விட்டார்கள். ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் ஓடுகளைக் கொண்டுவந்தார்கள். ஆணி அடித்து இறுக்கும் முறையைப் பரப்பினார்கள். 2022 ஜனவரி முதல் புதிய கூரைகளில் ஓடு முழுவதையும் இறுக்கிப் பொருத்துவது சட்டமாகவே ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பழைய பேச்சு ஓயவில்லை என்பது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது. பெரியவர் இதையெல்லாம் கோபமில்லாமல் சொன்னார். மொழிபெயர்த்த தம்பியின் குரலில்தான் கோபம் இருந்தது.

தீவின் வடக்கே ஹொகுதானில், அன்று நிலம் கிழிந்த நொஜிமாப் பிளவை 140 மீட்டர் நீளத்துக்குக் கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். ட்சுயிக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. வரிசை முக்கியம். முதலில் பிளவு, பிறகு பட்டறை. அப்போதுதான் கையில் இருக்கும் மண் எதையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது என்று தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பயணிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் அவர்களுடைய சொந்த வேலை நின்றுபோகிறது. அச்சில் மண்ணை அழுத்தித் தட்டு செய்யும் எளிய வகுப்பும் உண்டு. குழந்தைகளுக்கு அது சரி. பெரியவர்கள் அரை நாள் ஒதுக்கி முகத்தையே செய்யுங்கள். நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள், மெருகேற்றும்போது தெரியும். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்பதைப் பட்டறையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் தம்பியின் கோபே முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன். பார்சல் வந்த அன்றே படம் அனுப்பினான். பூதம் சுருங்கி, நிறம் மாறி, நான் நினைத்ததைவிட அதிகக் கோபத்தோடு இருந்தது. அடுத்த விடுமுறைக்கு அவன் ஊருக்கு வரும்போது துணிக்குள் சுற்றிக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.