38 வயதில் பத்தாம் வகுப்பு: மாலை வகுப்பு தேடுகிறவர்களுக்கு

நல்ல மாலை வகுப்பு எது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யார் பாடம் எடுக்கிறார்கள் என்று விசாரிக்காதீர்கள். மூன்று நாள் நீங்கள் போகாவிட்டால் யாராவது வீடு தேடி வருவார்களா என்று விசாரியுங்கள்.

நான் மதுரை செல்லூரில் நைட்டி தைக்கிறவள். பீஸ் கணக்குக்குக் கூலி. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஒன்பதாம் வகுப்பின் பாதியில் நின்றவள். 37 வயதில் திரும்பப் புத்தகத்தைத் தொட்டேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சமுதாயக் கூடம். அங்கே இரவு ஏழிலிருந்து எட்டரை வரை வகுப்பு. நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, படிக்கிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. பேங்கில் ஓய்வு பெற்ற ஒரு சார், ஒரு நர்ஸ் அக்கா, தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்த ஒரு பெரியவர், வந்து வந்து போகும் கல்லூரிப் பிள்ளைகள். இரண்டு டியூப் லைட், நாலு பாய், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு பிளைவுட் பலகை. ஒரு பக்கம் எழுத்துக் கூட்டுகிறவர்கள், மறுபக்கம் எட்டாவது, பத்தாவது எழுதப் போகிறவர்கள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

முதல் மாதம் ஒரு நாள் தவறாமல் போனேன். அப்புறம் தீபாவளி ஆர்டர் வந்தது. இரவு பதினொன்று வரை மெஷின் மிதித்ததில் ஒன்பது நாள் போகவில்லை. பத்தாம் நாள் வேலை குறைந்தும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? எல்லோரும் எங்கேயோ போயிருப்பார்கள், நான் மட்டும் பின்னாலே நிற்பேன் என்று ஒரு கூச்சம். அன்றைக்கு இரவு இட்லிக்கடை அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த இரண்டு தாள். "ஏத்தா, என்னாச்சு? இந்தா, நீ வராத நாளுக்கு உள்ளதை அந்தப் பிள்ளைகிட்ட எழுதி வாங்கியாந்திருக்கேன். என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்னு சொன்னாங்க." அவர் எழுத்துக் கூட்டும் பக்கம் உட்கார்கிறவர். தன்னால் படிக்க முடியாத தாளை எனக்காகச் சுமந்து வந்திருந்தார். அதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

பெரியவர்கள் படிப்பை விடுவது பாடம் கடினம் என்பதால் இல்லை. நாலு நாள் விட்டுப் போகும். அஞ்சாம் நாள் திரும்பிப் போக வெட்கம். அங்கேதான் அறுந்து போகிறது. எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பாயில் பக்கத்தில் உட்காருகிறவர்தான் உங்களுக்கு ஜோடி. நீங்கள் வரவில்லை என்றால் ஜோடி வீட்டுக்கு வர வேண்டும். திரும்பி வந்தவரிடம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. பேங்க் சாருக்கு மட்டும் இது பிடிபட நாளானது. வருகைப் பதிவேட்டைத் திறந்துவிட்டால் அவர் ஆள் மாறிவிடுவார்!

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கண். 40 வயதை ஒட்டி வெள்ளெழுத்து வந்துவிடும். எழுத்து மங்குவதை "எனக்கு மண்டையில ஏறல" என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். பூக்காரம்மா அப்படித்தான் இருந்தார். நர்ஸ் அக்கா அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஊசியில நூல் கோக்க மகளைக் கூப்பிடுறீங்களா?" ஆமாம் என்றார். மறு வாரமே அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். 1976இல் 11 படுக்கையோடு நம் ஊரில் தொடங்கியது, இன்றைக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பதால் போகத் தோன்றுவதில்லை. கண்ணாடி போட்டதும் பூக்காரம்மா பலகையைப் பார்த்து, "இத்தனை நாள் இதையா கோழி கிண்டுன மாதிரின்னு நினைச்சேன்?" என்றார். எந்த வகுப்பில் சேர்ந்தாலும் முதல் வாரமே கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

எழுத்துக் கூட்டும் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறிவொளிப் பெரியவர் அ, ஆவில் தொடங்க மாட்டார். முதலில் அவரவர் பெயர், அடுத்தது பஸ் போர்டு. பெரியார், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி. "டவுன் பஸ்ல உங்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனா எந்த பஸ்னு யாரையும் கேட்காம ஏறணும்ல?" என்பார். 'ஆரப்பாளையம்' என்ற ஒரு சொல்லிலேயே ஆ, கால், புள்ளி, ஐகாரக் கொம்பு எல்லாம் வந்துவிடுகிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதும் ஒலி பின்னால் வருவதும் பெரியவர்களுக்கு லேசில் பிடிபடாது. அந்த ஒரு சொல்லில் ஒரு வாரம் நின்றார்கள். இவர்களுக்கென்று 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு இருக்கிறது. படிப்பது, எழுதுவது, கணக்கு மூன்றுக்கும் தலா 50, மொத்தம் 150 மதிப்பெண். 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம்.

பூக்காரம்மாவுக்குப் புள்ளி வைப்பது எப்போதும் மறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். பானை ஓட்டில் கீறியிருந்த பெயர்களைப் பெரியவர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். பூக்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "இதுல புள்ளி எங்கே?" அந்தக் காலத் தமிழி எழுத்தில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்றார் பெரியவர். "அப்ப எனக்கு மட்டும் ஏன் மார்க் குறைச்சீங்க?" திரும்பி வரும்போது பஸ் முழுக்க இதே பேச்சு.

கல்லூரிப் பிள்ளைகள் பற்றி ஒரு வருத்தம் உண்டு. நன்றாகத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். லோடுமேன் அண்ணனுக்கு 50 வயது; 20 வயதுப் பெண் உள்ளே வந்தால் "மிஸ் வந்தாச்சு" என்று எழுந்து நிற்பார். அந்தப் பிள்ளை கூச்சத்தில் நெளியும். ஆனால் இரண்டு மாதத்தில் செமஸ்டர் என்று ஒரு நாள் காணாமல் போய்விடும். நாங்கள் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோமோ என்று அண்ணன் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னார்வலராகப் போகிறவர்கள் இதைப் படித்தால்: எத்தனை நாள் வருவீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள் தம்பி, தங்கச்சி. பத்து நாள்தான் என்றாலும் பரவாயில்லை.

சரி, தேர்வுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பைப் பள்ளியில் சேராமலே, நேரடித் தனித்தேர்வராக எழுத மேல் வயது வரம்பு கிடையாது. வயதைவிடத் தடங்கல் காகிதம்தான். பழைய பள்ளியின் டி.சி. அல்லது பதிவுத்தாள் வேண்டும். நான் நாலு முறை அலைந்தேன். 'பழைய ரெஜிஸ்டர் பீரோவில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் லீவு' என்றே மூன்று முறை பதில். கிடைத்தபோது அதில் என் இன்ஷியல் ஒன்று, ஆதாரில் வேறொன்று. அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு மாதம். ஆகவே புத்தகம் வாங்கும் முன்னால் டி.சி.யைக் கையில் வாங்குங்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத முடியாது என்கிறவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். லோடுமேன் அண்ணன் அந்த வழியில்தான் போகிறார்.

தனித்தேர்வராக எழுதினால், அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண், எழுத்துக்கு 75. செய்முறையில் 15, எழுத்தில் 20, இரண்டும் சேர்த்து 35 எடுத்தால்தான் பாஸ். தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிந்து, 80 சதவீத வருகையும் வைத்திருக்க வேண்டும். இந்தப் பதிவைத் தவறவிட்டு ஓர் ஆண்டை இழந்தவர்கள் எங்கள் கூடத்திலேயே இரண்டு பேர். வகுப்பு பகலில் என்பதால் எனக்குக் கூலி போனது. ஆனாலும் குவிலென்சைப் பிடித்ததும் ஜன்னலும் அதற்கு வெளியே நின்ற வேப்பமரமும் தலைகீழாகச் சுவரில் விழுந்ததே, அதற்காகவே போயிருக்கலாம்.

கணக்கில் முதல் முறை நான் தேறவில்லை. 2024 மே 10 அன்று முடிவு வந்தபோது மற்ற நாலும் பாஸ், கணக்கு 27. தப்பு என்னுடையதுதான். முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. அதிலிருந்து வரிசையாகப் போவேன் என்று அடம்பிடித்து, இரண்டு மாதத்தை அங்கேயே தொலைத்தேன். துணைத் தேர்வு ஜூலை முதல் வாரம். பேங்க் சார் வினாத்தாளைத் தலைகீழாகப் பார்க்கச் சொன்னார். கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். ஆரம்பத்தில் ஒரு மதிப்பெண் வினா 14. ஆக மொத்தம் 30. "மிச்சம் அஞ்சு மார்க்கை எங்கேயாவது பொறுக்க முடியாதா உங்களால?"

வடிவியலும் வரைபடமும் எனக்கு என் தொழில் மாதிரியே இருந்தன. காம்பஸ் வைத்துத் தொடுகோடு வரைவது கட்டிங் போடுவதுதானே. அளவு தப்பினால் துணி போச்சு என்ற பயம் கையிலேயே ஊறியிருக்கிறது. பரவளையத்தில் மற்றவர்களுக்குப் புள்ளிகளைச் சேர்க்கும்போது கோடு உடையும், அடியில் கூராகிவிடும். நான் யூ கழுத்துக்குச் சாக்பீஸ் இழுக்கிற மாதிரி தாளைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, மணிக்கட்டை ஊன்றி, ஒரே இழுப்பில் வரைந்தேன். சார் அதைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். இட்லிக்கடை அக்காவுக்கு விகிதம் புரிந்ததும் இப்படித்தான். 4 : 1 என்று எழுதியபோது முழித்தவர், "அரிசி நாலு, உளுந்து ஒண்ணு" என்றதும், "இதுக்கா ரெண்டு புள்ளி வச்சுப் பயமுறுத்துனீங்க" என்றார். உங்கள் தொழிலில் ஏற்கெனவே என்ன கணக்கு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மதுரைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. படிப்புக்குப் பெரிய இடைஞ்சல் கோடை. ஊரெல்லாம் சித்திரைத் திருவிழா, வீடெல்லாம் விருந்தாளி, பிள்ளைகளுக்கு லீவு. வைகைக் கரையில் குடியிருந்துகொண்டு அழகர் இறங்கும் வாரத்தில் படிப்பேன் என்று சபதம் போட வேண்டாம். எங்கள் கூடம் அந்த வாரம் மூடியே இருக்கும். அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக் கூட்டத்தில் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் எல்லோரும் சந்தித்துக்கொள்வோம், அது தனிக் கதை. திறக்கிற தேதியை மட்டும் மூடும் முன்பே பலகையில் எழுதிவிடுவார்கள். அந்த முதல் நாளுக்கு ஜோடியைக் கையோடு அழைத்து வர வேண்டும்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. பத்து மணிக்கு வினாத்தாள், 10.15இலிருந்து 1.15 வரை எழுத வேண்டும். நம் கைக்கு மூன்று மணி நேரம் எழுதிப் பழக்கமில்லை. முதல் முறை தமிழ்த் தேர்வில் இரண்டாவது மணிக்கே என் கட்டைவிரல் மரத்துவிட்டது. கடைசி இரண்டு மாதமாவது வாரம் ஒரு நாள், மணியைப் பார்த்து முழுத் தேர்வும் எழுதிப் பாருங்கள். வாசலில் வாட்ச்மேன், "பெற்றோர் எல்லாம் வெளியில நில்லுங்கம்மா" என்பார். ஹால் டிக்கெட்டை மேலே எடுத்து வைத்திருங்கள், பேச்சு மிச்சம்.

இரண்டாம் முறை கணக்கில் 52. இப்போது பிளஸ் ஒன் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன், திறக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் கூடத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள் எடுக்கிறேன். இப்போது எனக்கு ஜோடி பூக்காரம்மா. முகூர்த்த நாள் என்றால் வர மாட்டார், அது தெரிந்ததுதான். ஆனால் இது முகூர்த்தமில்லாத வாரம், ஆள் வந்து மூன்று நாளாகிறது. மணி ஆறு. வகுப்புக்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும்.